கண்ணை மூடினால் படபடக்கிறது, தியானம் எனக்கு வராதா?

கேள்வி: எனக்கு வயது 39. வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. வீட்டில் கணவர், பத்தாவது படிக்கும் மகன், மாமியார். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் ராத்திரி பதினொன்று வரை ஓட்டம்தான். உடம்பு ஒரு இடத்தில், மனசு ஒரு இடத்தில். அடுப்பை அணைத்தேனா என்று பஸ் ஏறிய பிறகு சந்தேகம் வருகிறது. மாதத்தில் 11, 20 தேதிகள் நெருங்கினால் ஜிஎஸ்டி கணக்கு கனவில்கூட வருகிறது. 2023 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததிலிருந்து, மழைச் செய்தி கேட்டாலே தூக்கம் போய்விடுகிறது. எல்லா எரிச்சலும் கடைசியில் மகன் மேல் பாய்கிறது. தோழி ‘மைண்ட்ஃபுல்னெஸ் பண்ணு, இப்போது நடப்பதிலேயே மனசை வைத்துப் பழகு’ என்றாள். ஆப் ஒன்றைப் போட்டு இருபது நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் நெஞ்சு இன்னும் படபடக்கிறது, எண்ணங்களும் கூடுதலாக வருகின்றன. உட்கார நேரமும் இல்லை, உட்கார்ந்தாலும் முடியவில்லை. இது எனக்கு வராதா? மகனுக்காவது கற்றுக்கொடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேளச்சேரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வரும். நீங்கள் தொடங்கிய வழிதான் உங்களுக்கு ஒத்துவரவில்லை. மூச்சைக் கவனிக்கச் சொன்னால் படபடப்பு கூடுகிறது என்று ஆலோசனைக்கு வருகிறவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பதற்றம் அதிகமாக இருக்கும்போது, மனம் ஏற்கெனவே நெஞ்சையும் மூச்சையும் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருக்கும். அதே இடத்தில் கவனத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால், மூச்சு சரியாக வருகிறதா, ஏன் இழுத்து விடுகிறேன் என்று சோதிக்க ஆரம்பித்துவிடும். சோதிக்கச் சோதிக்க மூச்சு வேகமாகும். வேகமானதும் பயம் வரும். இதில் உங்கள் குறை எதுவும் இல்லை.

அதனால் மூச்சை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கண்ணையும் மூட வேண்டாம். கவனத்தை வைக்க உடம்பில் வேறு இடங்கள் இருக்கின்றன. உள்ளங்கால் தரையில் படும் இடம், உள்ளங்கையின் சூடு, காதில் விழும் சத்தம் என்று பயமில்லாத ஏதாவது ஒன்று போதும். மூச்சை மட்டுமே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது.

அப்புறம், எண்ணங்கள் கூடுதலாக வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அவை கூடவில்லை, எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதை அன்றைக்குத்தான் நின்று பார்த்திருக்கிறீர்கள். மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம், நாளின் பல நேரங்களில் போன் வழியாக, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் கையில் இருக்கும் வேலையில் இல்லை. அப்படி வேறெங்கோ இருந்த நேரங்களில் அவர்களின் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. இனிமையான விஷயத்தை நினைத்துக்கொண்டிருந்தபோதுகூட, செய்கிற வேலையிலேயே மனம் இருந்த நேரத்தைவிட அது கூடுதல் சந்தோஷம் தரவில்லை. ஆக, உடம்பு ஒரு இடத்தில், மனசு ஒரு இடத்தில் என்பது உங்களுக்கு மட்டும் வந்த நோய் இல்லை.

மனத்தைக் காலியாக்குவது இந்தப் பயிற்சியின் வேலையே இல்லை. ரங்கநாதன் தெருவில் சின்னக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனால், அது பத்தடிக்கு ஒரு தரம் வளையல் கடைக்கும் பலூன்காரருக்கும் ஓடும். திட்டாமல் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவருகிறோம். பயிற்சி என்பது அந்தத் திரும்பக் கூட்டிவருதல்தான். நூறு முறை ஓடினால் நூறு முறை கூட்டிவர வேண்டும். ஓடிவிட்டது என்று உங்களுக்குத் தெரிகிற அந்தக் கணமே பயிற்சி நடந்துவிட்டது. “எனக்கு வரவில்லை” என்று நீங்கள் எழுந்துவிட்ட அந்த இருபது நிமிடத்தில் அது பல முறை நடந்திருக்கும்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பௌத்த மரபில் நெடுங்காலமாக இருக்கும் இந்தப் பயிற்சியை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜான் கபாட்-ஜின். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்காக, பின்னாளில் எட்டு வாரமாக நிலைத்த பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். 2022-ல் வந்த ஓர் ஆய்வில், பதற்ற நோய் உள்ளவர்களுக்கு அந்த எட்டு வாரப் பயிற்சி, எஸிடாலோபிராம் மாத்திரைக்குக் குறையாத பலனைக் கொடுத்தது. இதைக் கேள்விப்பட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யவே கூடாது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் வாரம் ஒரு நாள் இரண்டரை மணி நேரம் வகுப்புக்குப் போனார்கள், வீட்டிலும் தினமும் 45 நிமிடம் பயிற்சி செய்தார்கள். நான் கீழே சொல்லப்போகும் சின்னச் சின்னப் பழக்கங்களுக்கு அந்த அளவு பலனை எதிர்பார்க்க வேண்டாம். இவை அன்றாட நாளைக் கொஞ்சம் தாங்கக்கூடியதாக ஆக்கும், கோபத்தைச் சற்று முன்னாடியே காட்டிக்கொடுக்கும். அது சின்ன விஷயம் இல்லை.

உங்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை. ஏற்கெனவே செய்கிற வேலைகளில் இரண்டைத் தேர்ந்தெடுங்கள்.

முதலாவது காலைக் காபி. நீங்கள் அதை எப்படிக் குடிப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. ஒரு பர்னரில் குக்கர், மறு பர்னரில் பால், டம்ளர் மேடையில் ஆறிக்கொண்டிருக்கும், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே நடுவில் ஒரு வாய், மகனை எழுப்பிவிட்டு வந்து இன்னொரு வாய், கடைசியில் ஆறிப்போனதை ஒரே மூச்சில். நாளை முதல் மூன்று வாய் மட்டும் காபியாகவே குடியுங்கள். கத்தியைக் கீழே வையுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். டபராவிலிருந்து டம்ளரைத் தூக்கும்போது விரலில் எங்கே சுடுகிறது? விளிம்பை உதடு தொடுவதற்கு முன்பே மணம் வந்துவிடுகிறதா? டிகாஷனின் கசப்பு நாக்கின் நுனியில் தெரிகிறதா, விழுங்கிய பிறகு தொண்டையிலா? அதற்குள் ‘இன்றைக்கு டப்பாவுக்கு என்ன’ என்று மனம் ஓடியிருக்கும். ஓடட்டும். அடுத்த வாய்க்குத் திரும்புங்கள். மூன்று வாய்க்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நான்காவது வாயிலிருந்து பழையபடி ஓடலாம்.

காபி அன்றைக்கு நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்றே தெரிந்துகொள்ளுங்கள். ரசிக்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இதில் கிடையாது. இருப்பது என்ன என்று தெரிந்தால் போதும்.

இரண்டாவது பஸ். விஜயநகர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, குருநானக் கல்லூரி தாண்டி கிண்டி போய்ச் சேருவதற்குள் எத்தனை சிக்னல், எத்தனை ஹாரன் என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அமைதியாக இருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கேட்பதில் தொடங்கி தூரத்துக்குப் போங்கள். பக்கத்துப் பெண்ணின் வளையல் சத்தம், கண்டக்டரின் விசில், இன்ஜின் உறுமல், பின்னால் வரும் ஆட்டோ, அதற்கும் அப்பால் ஏதோ ஒன்று. எது நல்ல சத்தம், எது தொந்தரவு என்று பிரிக்காமல் கேளுங்கள். நிற்க மட்டும்தான் இடம் கிடைத்தது என்றால் இன்னும் நல்லது. வண்டி பிரேக் போடும்போது எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவதும், கம்பியைப் பிடித்த கை இறுகுவதும் நன்றாகத் தெரியும். ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரைக்கும் செய்தால் போதும். இறங்கி ரோட்டைக் கடக்கும்போது இந்தப் பயிற்சியெல்லாம் வேண்டாம், வண்டியைப் பாருங்கள்.

அடுப்புச் சந்தேகத்துக்கு வருகிறேன். கை அடுப்பை அணைக்கும்போது மனம் ஏற்கெனவே பஸ் ஸ்டாண்டில் இருந்தால், அந்தச் செயல் நினைவில் பதியாது. பதியாததைத்தான் பிறகு தேடுகிறீர்கள். குமிழைத் திருப்பும்போது அதையே பார்த்து, வாய்விட்டு “அணைச்சாச்சு” என்று சொல்லுங்கள். சிலிண்டர் ரெகுலேட்டருக்கும் அப்படியே, வாசல் பூட்டுக்கும் அப்படியே. ஒரே ஒரு முறைதான். திரும்பப் போய்ப் பார்க்கக் கூடாது. பார்க்காமல் இருக்கவே முடியவில்லை, சரிபார்ப்பதிலேயே நாளில் ஒரு மணி நேரம்போலக் கழிகிறது என்ற நிலை இருந்தால் அது வேறு விஷயம். ஓசிடி என்ற தொல்லையாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனி மகன். உங்கள் கடிதத்தில் என் மனதை அதிகம் தொட்ட வரி, எல்லா எரிச்சலும் அவன் மேல் பாய்கிறது என்பதுதான். ஆபீசில் காட்ட முடியாத கோபம், பஸ்ஸில் காட்ட முடியாத கோபம், மாமியாரிடம் காட்ட முடியாத கோபம் எல்லாம், எதிர்த்து ஒன்றும் செய்யமாட்டான் என்று தெரிந்தவன் மேல் இறங்குகிறது. நீங்கள் இதை ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். பலர் ‘அவன் படிக்கமாட்டேன் என்கிறான்’ என்று மட்டும்தான் எழுதுவார்கள்.

கோபம் திடீரென்று வருவதாகத்தான் தோன்றும். உடம்பு அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறது. சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்குக் காது மடல் சூடாகும், சிலருக்குத் தோள் மேலே ஏறும். உங்களுக்கு எது என்று இந்த ஒரு வாரம் பாருங்கள். கத்திய பிறகு யோசித்துப் பார்த்தாலும் சரிதான், கொஞ்சம் கொஞ்சமாக முன்னாடியே தெரிய ஆரம்பிக்கும். சாயங்காலம் வீடு திரும்பும்போது கேட்டைத் திறந்தவுடன் உள்ளே போகாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலில் வாசல் தரையின் குளிர்ச்சி தெரியும்வரை நில்லுங்கள். உள்ளே இருப்பதற்கு மனசுக்குள்ளேயே பெயர் சொல்லுங்கள்: களைப்பு, பசி, மேனேஜர் மேல் கோபம், நாளைய பயம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ லிபர்மேன் குழு 2007-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், உணர்ச்சிக்குச் சொல்லில் பெயர் வைத்தபோது, பயத்துக்கும் பதற்றத்துக்கும் தொடர்புள்ள அமிக்டலா பகுதியின் வேகம் குறைந்தது தெரிந்தது. ‘மேனேஜர் மேல் கோபம்’ என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போகிறவர், போனோடு சோபாவில் சாய்ந்திருக்கும் பையனைக் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்ப்பார்.

அப்படியும் ஒருநாள் கத்திவிடுவீர்கள். அன்றைக்கு ராத்திரியே, “நான் கத்தினது உன்னால இல்லப்பா, ஆபீஸ் டென்ஷன்” என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். ‘ஆனாலும் நீ செய்தது தப்புதான்’ என்று பின்னாலேயே சேர்க்க வேண்டாம். அந்தப் பாடத்தை வேறு நாள் வைத்துக்கொள்ளலாம்.

மழைப் பயம் காரணமில்லாமல் வந்தது இல்லை. அந்த டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலின்போது தரைத்தளத்தில் இருந்தவர்களிடம் ‘இந்தக் கணத்தில் இருங்கள்’ என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருவது நியாயம். இங்கே முதலில் செயல், அப்புறம் கவனம். பத்திரங்கள், மகனின் சான்றிதழ்கள், மாமியாரின் மருந்து, சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பரண்மேல் வையுங்கள். மாடி வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவதைப் பார்த்துச் சிலர் சிரித்திருக்கலாம், ஆனால் அப்படி நிறுத்தியவர்கள் அன்று ராத்திரி தூங்கியிருப்பார்கள். வானிலை மையத்தின் அறிவிப்பைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் சிவப்பு வரைபடங்களை இரவு எட்டுக்கு மேல் திறக்காதீர்கள். இதற்கெல்லாம் பிறகும் ராத்திரி மழைச் சத்தத்தில் விழிப்பு வந்தால், எழுந்து உட்கார்ந்து தரையில் காலை ஊன்றுங்கள். தரை காய்ந்திருக்கிறது என்று காலுக்குத் தெரியட்டும். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து படுங்கள்.

இதுவரை சொன்னது கவனத்தைப் பற்றி. கவனித்தால் வேறு சிலதும் கண்ணில் படும். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கணவர் செய்யும் வேலை என்று அதில் ஒன்றுகூட இல்லை. ஒருவேளை நீங்கள் எழுத மறந்திருக்கலாம். மறக்கவில்லை என்றால், காலை ஐந்திலிருந்து ராத்திரி பதினொன்று வரை ஒருவர் சுமப்பதைத் தியானத்தால் சரிசெய்ய முடியாது, சரிசெய்யவும் கூடாது. அதிகச் சுமையை முனகாமல் சுமக்கப் பழகுவதற்காக இந்தப் பயிற்சியை யாருக்கும் நான் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆறு மணி நேரத்துக்குள் தூங்குகிறவரின் எரிச்சலில் பாதி தூக்கக் கடன். ராத்திரிப் பாத்திரமும், மறுநாள் காய் நறுக்குவதும் உங்களிடமிருந்து போனால் முக்கால் மணி நேரம் முன்னாடி படுக்கலாம். கணவரிடம் ‘எனக்கு முடியல’ என்று பொதுவாகச் சொல்லாமல், இந்த இரண்டு வேலையும் இனி உங்களுடையது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரம் நல்லது. அலுவலகம் போகும் அவசரத்தில் கேட்டால் சண்டையில் முடியும்.

மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். படபடப்பு, அசதி, மறதி எல்லாவற்றுக்கும் ரத்தசோகையும் தைராய்டும் காரணமாக இருக்கலாம். மாதவிடாயில் அதிக ரத்தம் போகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். ஹீமோகுளோபினும், தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச்சும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். ரத்தசோகையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்து தியானம் செய்தாலும் படபடப்பு போகாது. ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று நீங்கள் எழுதவில்லை. குடித்த கஃபீனில் பாதி கரைவதற்கே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஜிஎஸ்டி வாரத்தில் மாலை ஆறு மணிக்குக் குடித்த காபி ராத்திரி பதினொன்றுக்கும் உடம்பில் இருக்கும். மதியத்துக்கு மேல் நிறுத்திப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாக, விடியற்காலையிலேயே விழிப்பு வந்து, ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்பதுபோல நினைப்பு வந்தால் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் 14416 எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது. பெயரைக் கேட்டுத் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே வந்து மருந்து வாங்கிக்கொண்டு அப்படியே வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

பத்து நாள் மௌன முகாம் ஒன்றுக்குப் போகலாமா என்ற யோசனை உங்கள் தோழிக்கு அடுத்ததாக வரக்கூடும். இப்போது வேண்டாம். இருபது நிமிடத்துக்கே படபடப்பு வருகிறவருக்கு, நாள் முழுக்கக் கண்மூடி உட்காருவது முதல் படியாக இருக்கக் கூடாது. பரிசோதனை முடிவு வந்து, தூக்கம் ஓரளவு சரியாகி, சில மாதம் கழித்து ஆசை இருந்தால் பார்க்கலாம்.

கடைசியாக, மகனுக்குக் கற்றுக்கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பொதுத்தேர்வு வருடம், அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு புரிகிறது. பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2022-ல் வெளியான பெரிய ஆய்வில், பள்ளியில் எல்லாருக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு எடுத்ததால், வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. பல பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கவே இல்லை. டியூஷனும் ஸ்பெஷல் கிளாஸுமாக ஓடுகிற பையனுக்கு இன்னொரு வீட்டுப்பாடமாக இதைக் கொடுக்காதீர்கள். சாயங்காலம் அரை மணி நேரம் பந்து விளையாட விடுங்கள், ராத்திரி பதினொன்றுக்கு முன் படுக்கச் சொல்லுங்கள். காலையில் நீங்கள் மூன்று வாய்க் காபியை நின்று குடிப்பதைப் பார்த்து “என்னம்மா பண்ற?” என்று அவனாகக் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.